மரியா தக்கெஉச்சி: பாட்டுக்குக் கீழே உள்ள மூன்று பெயர்கள்

ஹட்டன், கண்டிப் பக்கம் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிற பலருக்கு ஜப்பானியப் பாடகி மரியா தக்கெஉச்சியின் "பிளாஸ்டிக் லவ்" பாட்டைத் தெரியும். யூடியூப் தானாகக் கொண்டுவந்து போட்டிருக்கும். பலர் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். 1978 முதல் பாடிவருகிற ஒருவரை 5 நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவது பெரிய இழப்பு.

அவரைச் சரியாகக் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஜப்பானிய இசைத்தட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பெயர்கள் போட்டிருப்பார்கள். 'சகுஷி' என்றால் வரி எழுதியவர், 'சக்கியொகு' மெட்டுப் போட்டவர், 'ஹென்கியொகு' வாத்தியங்களை ஒழுங்கு செய்தவர். பாடியவர் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த மூன்றை மட்டும் ஆண்டு வாரியாகப் பாருங்கள். அவருடைய வாழ்க்கை அங்கேதான் தெரியும்.

1955இல் ஷிமானே மாகாணத்தின் தைஷா ஊரில் பிறந்தவர். இஸுமோ பெருங்கோயிலுக்குப் பக்கத்தில் குடும்பத்தாரின் பழைய விடுதி இருந்தது. பள்ளிக் காலத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில், இலினொய் மாநிலத்தில் படித்தார். பிறகு கெய்யோ பல்கலைக்கழகத்தின் இசைக் குழு. 1978 நவம்பரில் முதல் பாட்டு வந்தது. அதன் வரி கஸுமி யசுய், மெட்டு கஸுஹிக்கோ கத்தோ. 1979இல் வந்த "செப்டெம்பர்" பாட்டுக்கு வரி தகாஷி மட்சுமொத்தோ, மெட்டு தெட்சுஜி ஹயஷி. 1980இல் அழகுசாதன விளம்பரத்துக்காக வந்து பெரிதாக ஓடிய பாட்டும் யசுய், கத்தோ இணையுடையதே. ஆல்பங்களில் அவருடைய சொந்தப் பாட்டுகள் இருந்தன. ஆனால் அவரைப் பிரபலமாக்கியவை பிறர் கட்டிக் கொடுத்தவை. 1981 கடைசியில் மேடையை நிறுத்தினார். 1982இல் பாடகரும் இசைத் தயாரிப்பாளருமான தத்சுரோ யமஷித்தாவைத் திருமணம் செய்தார்.

அவருடைய பாட்டுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுபவை இதற்குப் பிறகு வந்தவை. வீட்டில் இருந்தபடி மற்றப் பாடகிகளுக்கு எழுதினார். 1982இல் நவொக்கோ கவாய்க்கு "கென்கா வோ யமெதெ": தனக்காகச் சண்டை பிடிக்கிற இரண்டு பையன்களை ஒரு பெண் விலக்குகிற பாட்டு. 1984இல் ஹிரோக்கோ யகுஷிமருவுக்கு "கென்கி வோ தஷிதெ": காதல் முறிந்த தோழியைத் தேற்றுகிற பாட்டு. 1986இல் அகினா நக்கமோரிக்கு "எகி". இவற்றில் வரியும் மெட்டும் இரண்டுமே அவருடையவை. 1987இல் "ரிக்வெஸ்ட்" ஆல்பத்தில் இந்த மூன்றையும் தானே திரும்பப் பாடினார்.

"எகி" என்றால் ரயில் நிலையம். பழைய காதலனை நிலையத்தில் தூரத்தில் காண்கிற பெண், அவன் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்கிறாள், அவ்வளவுதான் கதை. மழைக் காலத்தில் நானுஓயா ஸ்டேஷனில் நின்ற எவருக்கும் அது உடனே பிடிபடும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நக்கமோரி ஏறக்குறைய முணுமுணுப்பில் பாடுகிறார். தக்கெஉச்சி நேராக, கதை சொல்கிற குரலில் பாடுகிறார். வரியும் மெட்டும் மாறவில்லை, பெண் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறாள். எந்தப் பதிவை முதலில் கேட்கிறோமோ அதுவே 'சரி' என்று மனதில் பதிந்துவிடும் என்பதால், மறுநாள் வரிசையை மாற்றியும் கேட்க வேண்டும்.

நம் மலையகத் தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலைப் பாட்டு எதிலும் கட்டியவர் பெயர் இல்லை. பெரும்பாலும் பெண்கள் கட்டியவை. பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இன்று தோட்டத்தில் பாட்டு எழுதுகிற பிள்ளைகள் வரி, மெட்டு, வாத்திய ஒழுங்கு என்று மூன்று பெயரையும் திகதியோடு எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

1984 ஏப்ரலில் "வெரைட்டி" ஆல்பம் வந்தது. எல்லாப் பாட்டுக்கும் வரியும் மெட்டும் அவரே, தயாரிப்பு யமஷித்தா. ஜப்பானிய இசை விற்பனையைக் கணக்கிடும் ஒரிக்கொன் பட்டியலில் முதலிடம். அதில் ஒன்றுதான் "பிளாஸ்டிக் லவ்". 1985இல் 12 அங்குலத் தட்டாகத் தனியே வந்தபோது 86ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 2017இல் ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றிய பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. அந்தப் பதிவில் இருந்த சிரித்த முகப் படம் இந்தப் பாட்டின் அட்டையே அல்ல, 1980இல் வந்த "ஸ்வீட்டெஸ்ட் மியூசிக்" தட்டினுடையது. படத்தின் உரிமைப் பிரச்சினையால் அந்த யூடியூப் பதிவு கொஞ்ச காலம் நீக்கப்பட்டும் இருந்தது.

இந்தப் பாட்டை போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிதான் கேட்கும். பாட்டைத் தூக்கிச் செல்வது கொக்கி இதோவின் பேஸ் கிட்டாரும் ஜுன் அஒயமாவின் டிரம்ஸும். சின்ன ஸ்பீக்கரில் முதலில் தொலைவது பேஸ்தான். இயர்போன் போட்டு, முதல் தடவை குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். வேகம் கூட்டிய ரீமிக்ஸ்களும் நிறைய உலவுகின்றன. குரல் கீச்சென்று இருந்தால் அது அசல் அல்ல. ஆல்பப் பதிவு 5 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ரயிலில் கேட்பதென்றால் முன்பே இறக்கி வையுங்கள், பட்டிப்பொல தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது.

மொழி படிப்பவர்களுக்கு ஒன்று. மேலே சொன்ன "யமெதெ", "தஷிதெ" இரண்டும் வகுப்பில் படிக்கிற, வினைச்சொல்லின் 'தெ' வடிவம்தான், கேட்டுக்கொள்கிற தொனி. உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் ஒரு பொறியும் இருக்கின்றன. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்பது இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் நம் மெய்க்கு அரை மாத்திரை, அவர்களுடைய 'ன்' ஒலிக்கும் இரட்டித்த மெய்க்கும் முழுதாக 1. "சென்செய்" நம் வாயில் 3 மாத்திரை, அவர்களுக்கு 4. பாட்டில் அந்த 'ன்'னுக்குத் தனி ஸ்வரமே கிடைக்கலாம். அதை விழுங்கினால் அடுத்த சொல் முன்கூட்டியே வந்து தாளம் குலையும். தமிழ் எழுத்தில் பாட்டை எழுதிப் படிப்பதும் இதனால் ஆபத்து. தலைப்பில் உள்ள "தக்கெஉச்சி"யையே பாருங்கள்: க், ச் இரண்டும் வல்லோசைக்காக நாம் சேர்த்தவை. அசலில் த-கெ-உ-சி என்று நான்கே தட்டு. ஜப்பானிய ஹிரகனா எழுத்தில் எழுதி, எழுத்துக்கு ஒரு தட்டாக (சின்னதாக எழுதும் ய, யு, யொ மட்டும் முன்னெழுத்தோடு சேர்ந்து ஒரே தட்டு) மேசையில் தட்டிப் பேசிப் பழகிய பிறகே பாட வேண்டும்.

1994இன் "இம்ப்ரெஷன்ஸ்" தொகுப்பு 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரே ஆல்பம் தேடுபவர்களுக்கு அதுவே போதும். பழகுவதற்கு "இனோச்சி நோ உத்தா" நல்லது, மெதுவான பாட்டு. 2008இல் ஷிமானேயைக் களமாகக் கொண்ட, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலைத் தொடருக்காக எழுதியது. 2012இல் தன் குரலில் வெளியிட்டார், 2019இல் என்எச்கேயின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியான கொஹக்கு மேடையில் முதல்முறை தோன்றியபோது பாடியதும் அதுதான். மெட்டு தகட்சுகு முரமட்சு. வரி எழுதியவர் என்ற இடத்தில் 'மியபி' என்று இருக்கும், வேறு யாரோ என்று கடந்துவிடாதீர்கள். அது தக்கெஉச்சியின் புனைபெயர்.