சேர்மங்களைத் தேடும் வேதியியல் மாணவர்களுக்கு

முதுநிலை மாணவர்கள் பலர், ஒரு சேர்மத்தின் உருகுநிலையைக் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணையே ஆய்வேட்டில் எழுதிவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2004 முதல் நடத்திவரும் பப்கெம் தரவுத்தளம் முற்றிலும் இலவசமானது. அதில் ஆஸ்பிரின் என்று தேடினால் 2244 என்ற அடையாள எண்ணுடன் ஒரு பக்கம் திறக்கும். கட்டமைப்பு, கரைதிறன், நச்சுத்தன்மை என ஒவ்வொரு தகவலுக்கும் அருகில் அது எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் இருக்கும். அந்த மூலத்தையும் திறந்து பாருங்கள், ஏனெனில் பப்கெம் பல இடங்களிலிருந்து தரவைத் திரட்டித் தருவதால், ஒரே பண்புக்கு வெவ்வேறு மதிப்புகள் இருப்பதுண்டு.

ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குவதால், ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியே வழங்கப்படும் சிஏஎஸ் (CAS) பதிவெண்ணைக் கொண்டு தேடுவதே பாதுகாப்பானது. ஆஸ்பிரினுக்கு அது 50-78-2. இதில் கடைசி 2 சரிபார்ப்பு இலக்கம்: அதற்கு முந்தைய இலக்கங்களை வலமிருந்து இடமாக எடுத்தால் 8, 7, 0, 5; இவற்றை முறையே 1, 2, 3, 4 ஆல் பெருக்கிக் கூட்டினால் 42 வரும், அதன் கடைசி இலக்கமும் 2. கொள்முதல் பட்டியலில் ஓர் இலக்கம் தவறாகத் தட்டச்சாகியிருந்தால், இந்தச் சிறு கணக்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்ப இயக்கவியல் தரவுகளுக்கு, அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தின் (நிஸ்ட்) இணையத் தரவுத்தளமான நிஸ்ட் வெப்புக் இருக்கிறது. மூலிகைகளை ஆய்வு செய்வோர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் தளத்தை அவசியம் பார்க்க வேண்டும்; 4,000-க்கும் மேற்பட்ட இந்திய மருத்துவத் தாவரங்களில் எந்தப் பாகத்தில் எந்த வேதிப்பொருள் உள்ளது என்பதை அது தொகுத்துத் தருகிறது.