நூற்றில் ஒன்பது பேர்

“இத போட்டா மாரடைப்பு வராதுங்களா ஐயா?” என்று, நான் எழுதிய கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றி அந்த அம்மா கேட்டார். “வராதுன்னு சொல்ல முடியாதும்மா, வர்ற வாய்ப்பு கொறையும்” என்றேன். மருத்துவத்தின்படி இந்தப் பதிலில் திருத்துவதற்கு ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

அன்று அவர் சந்தோஷமாகத்தான் வந்திருந்தார். வெறும் வயிற்றுச் சீனி 112. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.8. சீனி இறங்கிவிட்டது என்று நானே சொல்லி முடித்த கையோடு, புதிதாக ஒரு கொழுப்பு மாத்திரையைக் கிளினிக் புத்தகத்தில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறோம், சீனி சரியாகிவிட்டது, பிறகு எதற்கு இன்னொன்று? இந்த நியாயத்தை உடைக்க எனக்கு இன்சுலின் எதிர்ப்பைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. வெளியே வரிசை கதவு வரை நின்றது.

நீரிழிவில் நாம் அளக்கிற சீனி பிந்தித்தான் ஏறுகிறது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காமல் போக, கணையம் மேலும் மேலும் அதைச் சுரந்து சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்தக் காலத்திலேயே ஈரல் ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பைக் கூடுதலாக இரத்தத்தில் விடுகிறது, நல்ல கொழுப்புக் குறைகிறது, இரத்தக் குழாயின் உட்சுவர் தளர்ந்து விரியும் தன்மையை இழக்கிறது. சிறுநீரகமோ இன்சுலினுக்கு இணங்குவதை நிறுத்துவதில்லை, ஆகவே உப்பைப் பிடித்து வைத்துப் பிரஷரையும் ஏற்றுகிறது. இவை ஒன்றாகக் கூடிவருவதை 1988ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் எடுத்துக்காட்டினார். சீனியை மட்டும் இறக்கினால் இதயம் தப்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு 2008இல் அக்கோர்ட் ஆய்வு பெரிய அடி கொடுத்தது. சீனியை மிகக் கடுமையாகக் குறைத்த பிரிவில் மரணங்கள் கூடியதால் அந்தச் சிகிச்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது.

அந்த அம்மாவின் கை கால்கள் மெலிந்தவை. இடுப்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டர், நம் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பார்த்தால் குண்டென்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரஷர் 150, ட்ரைகிளிசரைட் 240. முழங்கால் வலியால் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் வயிறு போட்டது என்று அவரே சொன்னார். அது பொருந்தித்தான் வருகிறது, ஏனென்றால் வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சீனியை இழுத்துக்கொள்ளும். (தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லும் எங்கள் துண்டுப்பிரசுரத்தை, கொழுந்துக் கூடையோடு முப்பது வருடம் மலையேறி இறங்கிய ஒருவரிடம் நீட்டுவதற்கு எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும்.)

ஆக, காரணங்கள் என் பக்கம் இருந்தன. அவர் கேட்டது காரணத்தை அல்ல. வருமா, வராதா என்பதை. நான் எனக்குத் தெரிந்த எண்ணைச் சொன்னேன். 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் இல்லாத நீரிழிவு நோயாளர்களில், மருந்தில்லாத வில்லையை எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கு வருடங்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அதைப் போன்ற ஒன்றோ வந்தது, நான் எழுதிய அதே கொழுப்பு மாத்திரையான அட்டோவஸ்டட்டின் எடுத்தவர்களில் ஆறு பேருக்கு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இந்தத் துறையில் இது நல்ல பலன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். கொழுந்து நிறுக்கும்போது கிலோக் கணக்கில் யாரிடமும் ஏமாறாதவர் என்பது அந்த யோசனையிலேயே தெரிந்தது. “அப்ப மாத்திரையே போடாட்டியும் தொண்ணூத்தொரு பேருக்கு ஒண்ணும் ஆகலைதானுங்களே?” என்றார். ஆமென்றேன். “நான் அந்தத் தொண்ணூத்தொண்ணுல இருந்துட்டுப் போறேங்க ஐயா. ஏற்கனவே நாலு மாத்திரை போடுறேன்.”

அது நான்கு வருடத்துக்கான கணக்குத்தான், உங்களுக்கு முன்னால் இன்னும் இருபது வருடம் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். நான் புத்தகத்தில் ‘அட்டோவஸ்டட்டின் விளக்கப்பட்டது, நோயாளி மறுத்தார்’ என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். அந்தக் கோடு யாருக்காக என்று கேட்டால் அவருக்காக என்று சொல்ல முடியாது.

“வராதுன்னே சொல்லியிருக்கலாமே டொக்டர்” என்றார் பக்கத்தில் நின்ற தாதி. அவர் சொல்வதிலும் விஷயம் உண்டு. சீனிக்கான மெட்போமினை எழுதும்போது நான் யாருக்கும் சதவீதம் சொல்வதில்லை. சீனிக்கு மானி இருக்கிறது, இறங்கியதைக் கண்ணால் காட்டலாம். வராமல் போன மாரடைப்பை எந்த மானியில் காட்டுவது? அதோடு அந்த ஒன்பது என்ற எண் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் வெள்ளையரிடம் எடுத்தது. நம்மவர்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது, ஆகவே அவருடைய உண்மையான அபாயம் அதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. அப்படியானால் நான் உண்மையைச் சொன்னேனா, கையிலிருந்த எண்ணைச் சொன்னேனா? மறுபக்கம், கணக்கு புரிந்து, அதன் மேல் ஒரு முடிவெடுத்த ஒருவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? முடிவு எனக்குப் பிடிக்காததாலேயே அவருக்கு விளங்கவில்லை என்று சொல்வது சரியல்ல.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளினிக் நாளில் வந்து, மற்ற மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, நன்றாகத்தான் போகிறார். இதைத்தான் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நன்றாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகவில்லை, எண்ணின்படியே பெரும்பாலோர் நன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் வாங்கில் உட்கார்ந்திருக்கிற மற்றப் பெண்களுக்கு அவர்தான் அத்தாட்சி. “அவங்க போடாம நல்லாத்தானே இருக்காங்க” என்று இருவர் தங்கள் கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். ஒருவர் மேல் வலி என்றும் சொன்னார், அது உண்மையாகவும் இருக்கலாம், தசை வலி இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அவருக்கு அளவைக் குறைத்துக் கொடுத்தேன்.

மற்றவருக்கு விழித்திரையில் ஏற்கனவே பாதிப்பு இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது. அவரிடம் நூறும் ஒன்பதும் பேசவில்லை. “கட்டாயம் போடணும்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் துண்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்குமிடத்துக்குப் போய்விட்டார். அவருடைய அபாயம் கூடியதென்பதால்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கும் வரிசை கதவைத் தாண்டி நின்றது.