அரிப்பு எத்தனை, பத்துக்கு?

எங்கள் டயாலிசிஸ் யூனிட்டுக்கு நோயாளி வந்ததும் எடை, பிரஷர் பார்ப்போம். கால் வீக்கம், மூச்சுத் திணறல் உண்டா என்று விசாரிப்போம். நான் இன்னொன்றும் கேட்பேன்: "அரிப்பு எத்தனை, பத்துக்கு?" அரிப்பே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லையென்றால் பத்து. கேட்காவிட்டால் பலர் சொல்லவே மாட்டார்கள்.

17 நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளிடம் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. அதில் மூன்றில் ஒருவருக்கு மேல் அரிப்பால் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஓயாமல் அரித்தவர்களிலும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் மருத்துவமனையில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்த இடத்தில் சொறிவதைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து வீட்டில் துண்டைத் தனியாக வைப்பவர்களும் உண்டு. சிறுநீரகக் கோளாறால் வரும் அரிப்பு யாருக்கும் ஒட்டாது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் வருகிறார். அவர் சொல்லவில்லை, அவர் மனைவிதான் சொன்னார்: "சிஸ்டர், ராத்திரி பூரா சீப்பை வெச்சு முதுகைச் சொறியச் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்லை." பனியனைத் தூக்கிப் பார்த்தால் தடிப்பு ஏதுமில்லை, நகக் கீறலும் காய்ந்த பொருக்கும்தான். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறதா, விரல் இடுக்கில் பொரிகள் உண்டா என்றும் டாக்டர் விசாரித்தார். இருந்தால் அது சிரங்கு, அதற்கு வைத்தியமே வேறு.

அதுவரை அண்ணன் மெடிக்கலில் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அலர்ஜியில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத்தான் அது தடுக்கும்; இந்த அரிப்புக்கு ஹிஸ்டமின் முக்கியக் காரணம் இல்லை. வறண்ட தோல், உடலுக்குள் இருக்கும் அழற்சி, அரிப்பைக் கடத்தும் நரம்புகளின் கோளாறு எல்லாம் சேர்ந்து வருவது. அதனால் செட்ரிசின் பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தைத்தான் தரும். அதுவும் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து, உடலில் தங்கிவிடும்.

டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா, ரத்தத்தில் பாஸ்பரஸும், சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் எப்படி என்று டாக்டர் பார்த்தார். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸ் உடலில் சேராமல் தடுக்கும் மாத்திரையை அண்ணன் சாப்பிட்டு முடித்துப் படுக்கப்போகும்போது போட்டிருக்கிறார். அது சோற்றோடு சேர்ந்து போனால்தான் வேலை செய்யும். அப்புறம் கபாபென்டின் 100 மில்லிகிராம், டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும். நரம்பு வலிக்கு மற்றவர்கள் தினம் மூன்று வேளை சாப்பிடும் அளவை இவர்கள் தொடவே கூடாது. தலைசுற்றல், உளறல், கை வெட்டி வெட்டி இழுப்பது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் அண்ணன் ராத்திரி தூங்க ஆரம்பித்தார்.

இதற்கெல்லாம் அரிப்பு அடங்காதவர்களுக்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை இருக்கிறது. டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டயாலிசிஸ் முடியும்போது அதே ரத்தக் குழாய் வழியாகப் போடுவது. எங்கள் யூனிட்டில் யாருக்கும் போட்டு நான் பார்த்ததில்லை. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு போய்விடுகிறது.

எந்த மருந்து எடுத்தாலும் தோலைக் கவனிக்காமல் சரியாகாது. வெந்நீர் வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். சோப்பைக் குறைத்துக்கொண்டு, துடைத்த ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசரோ வாஸ்லினோ தடவுங்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்பேன். காலை, இரவு இரண்டு வேளையும் தடவ வேண்டும். டயாலிசிஸ் நாளில் ஃபிஸ்டுலா கையில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கை) மட்டும் தடவாதீர்கள், பிளாஸ்டர் ஒட்டாது. அரிப்பு நிற்கும் என்று யாராவது கொடுக்கும் சூரணத்தை டாக்டரிடம் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃபிஸ்டுலா கையில் ஊசி குத்திய இடத்தைச் சொறிந்து புண்ணாக்கினால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அந்த இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அடுத்த முறைவரை காத்திருக்காமல் அன்றே வந்து காட்டுங்கள்.