பள்ளி மூடியிருக்கும் மாதங்களின் மதிய உணவு

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் மலையிறங்கி வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி நாள்களில் அவர்களுடைய பிள்ளைகளின் மதியப் பசியைச் சத்துணவு மையம் பார்த்துக்கொள்கிறது. ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடியதிலிருந்து ஜூன் மாதம் மீண்டும் திறக்கும் வரை அதைப் பார்த்துக்கொள்ள எவரும் இல்லை.

எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் நானும் பாடம் சொல்லித் தருகிறேன். கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) வர்க்கியும் மட்டும் உண்டுவிட்டு வந்த பிள்ளைகள் ஆறு மணிக்கெல்லாம் சோர்ந்து போவதைப் பார்த்த பிறகுதான், மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துச் சுண்டல் அவிக்கத் தொடங்கினார்கள். 30 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ ஒரு முட்டைக்கு இணையான புரதம், அதாவது 6 கிராம் அளவுக்கு, இருக்கிறது. உணவோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும். ஆகவே சாயாவை நிறுத்திவிட்டு, சுண்டலில் எலுமிச்சை பிழிகிறோம். நான் எதிர்பாராத ஒரு மாற்றமும் இதனால் நேர்ந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று வீட்டில் நிறுத்தப்பட்டிருந்த ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள், சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வரலானார்கள். சின்னப் பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு தாய்மார் அவர்களைத் தடுப்பதில்லை.

கோடையில் இந்தப் பெண்பிள்ளைகளே வீட்டின் சமையல்காரிகள். காலையில் அம்மா வடித்துவிட்டுப் போன சோறு, ஊறுகாய், சில நாள் முந்தைய இரவின் குழம்பு: வயிறு நிறைந்துவிடும், பட்டினி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பள்ளி மதிய உணவுக்குத் தேசிய அளவில் வகுத்த அளவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் ஆகும். தமிழ்நாட்டில் அதோடு வாரத்தின் 5 பள்ளி நாள்களிலும் முட்டை உண்டு. விடுமுறையில் சோறு நிற்பதில்லை, முட்டையும் பருப்பும் காய்கறியும்தான் நின்றுபோகின்றன. வளரும் பிள்ளைக்கு இந்த இழப்பு சிறிதன்று.

சட்டமே இந்த இடைவெளியை விட்டுவைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவச மதிய உணவை உரிமையாக்கியபோது, பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக என்று குறித்தது. அதற்கு முன்பே, 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. விடுமுறையிலும் உணவளிக்கலாம் என்பது அன்றே ஏற்கப்பட்டுவிட்டது. மழை பொய்த்த ஊரின் பிள்ளைக்குப் பொருந்தும் நியாயம், தாய் மலைக்குப் போய்விட்ட வீட்டின் பிள்ளைக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் 1968-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய கோடைகால உணவுத் திட்டம் 1975-இல் தனித் திட்டமானது. பிள்ளைகளில் பாதிப் பேராவது ஏழைகளாக உள்ள பகுதிகளில் பூங்கா, நூலகம், பள்ளி போன்ற இடங்களில் 18 வயது வரையுள்ள எவரும் விண்ணப்பமின்றி வந்து உண்ணலாம். பள்ளி நாள்களில் பள்ளி நேரம் முடிந்த பின் உணவளிக்கும் மையங்களில் படிப்போ விளையாட்டோ ஒன்று சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. இது எனக்கு மிகவும் பிடித்தது. அங்கேயும் குறை இருந்தது: அந்த இடத்திலேயே உண்ண வேண்டும் என்ற கட்டுப்பாட்டால், வெகுதொலைவிலிருந்த கிராமப் பிள்ளைகள் விடுபட்டார்கள். அதனால்தான் கிராமப்புறங்களில் உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்ல இப்போது வழி செய்திருக்கிறார்கள். 2024 முதல், இதற்கென வந்த திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள பிள்ளை ஒன்றுக்குக் கோடைக்கு 120 டாலர் உணவுப் பொருள் வாங்கத் தருகிறார்கள்.

நம்மிடம் கட்டடம், அடுப்பு, பாத்திரம் அனைத்தும் பள்ளி வளாகத்திலேயே இருக்கின்றன. மே மாதம் முழுதும் பூட்டியிருக்கின்றன. சத்துணவு அமைப்பாளர்களும் சமையலர்களும் குறைந்த ஊதியத்தில் உழைப்பவர்கள் என்பதால், அவர்களுடைய விடுமுறையைப் பறித்து இதைச் செய்யச் சொல்வது அநீதி. கூடுதல் ஊதியம் தந்தோ, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தோ நடத்தலாம். எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடுமுறைக்கு வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாட்டி வீட்டுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களின் ரேஷன் அட்டை கேரளத்தில் இருக்கும், பள்ளியும் அங்கேதான். தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் எந்த மாநிலம் என்று கேட்கும் திட்டமாக இது அமைந்துவிடக் கூடாது.

வரும் கோடையில் மாலைச் சுண்டலை நடுப்பகலுக்கு மாற்றி, வாரத்தில் சில நாள்களாவது முட்டையும் பருப்புச் சோறும் தர மகளிர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. சமுதாயக் கூடத்தைப் பகலிலும் திறந்து வைக்க ஊராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம்.