உடைந்த துண்டையும் அளக்க வேண்டும்

கிரானைட் துண்டை வெட்டி, தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் கருவியில் வைத்தால் எண் வந்துவிடும். களிப்பாறை அப்படி இல்லை. தண்ணீர் பட்டால் உப்பிக் குழைந்துவிடும், காற்றில் விட்டால் காய்ந்து ஏடு ஏடாகப் பிளந்துவிடும். இந்தப் பாறையின் வெப்பக் கடத்துத்திறனை அளப்பதுதான் பல வருடங்களாக என் வேலை.

நான் அதிகம் கையாள்வது சுவிட்சர்லாந்தின் ஓபலினஸ் களிப்பாறையை. 17 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த சேறு அது. ஜூரா மாநிலத்தில், மோன் தெரி நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி 1996 முதல் ஓர் ஆய்வுக்கூடம் இந்தப் பாறைக்குள்ளேயே இயங்குகிறது. அணுக்கழிவை இதே வகைப் பாறையில் ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கான இடமாக நாட்டின் வடக்கில் உள்ள நோர்ட்லிஷ் லேகெர்ன் பகுதியை, சுவிஸ் அணுக்கழிவுகளுக்குப் பொறுப்பான நாக்ரா நிறுவனம் 2022-இல் அறிவித்தது. புதைத்த கழிவு நெடுங்காலம் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பாறை அந்தச் சூட்டை எவ்வளவு எளிதில் கடத்தும் என்று தெரிந்தால்தான் கழிவை அடைத்த கலன்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்று கணக்குப் போட முடியும்.

துளையிட்டு எடுத்த பாறை மாதிரி எங்களிடம் வரும்போது அலுமினியத் தாள் உறையில், காற்று உறிஞ்சப்பட்டு வரும். பிரித்த நொடியிலிருந்து அதன் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரின் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.6 வாட், காற்றுக்கு வெறும் 0.026. நுண்துளையில் தண்ணீர் இருந்த இடத்துக்குக் காற்று வந்துவிட்டால், நாம் அளப்பது பூமிக்குள் இருந்த பாறையை அல்ல. அதனால் தண்ணீர் விடாமல் வைரக் கம்பியால் உலர் அறுப்பு. அளப்பதற்கு முன்னும் பின்னும் எடை போடுவேன். எடை குறைந்திருந்தால் அந்த அளவீட்டை நான் நம்புவதில்லை.

அடுத்தது திசை. களிக் கனிமங்கள் தட்டையான ஏடுகள். மேலே படிந்த பாரம் அமுக்க அமுக்க எல்லாம் படுத்துவிடும். அடுக்கு ஓடும் திசையில் சூடு சுலபமாகப் போகும், குறுக்கே தடுமாறும். ஓபலினஸ் பாறையில் அடுக்கின் வழியே சுமார் 2.2, குறுக்கே சுமார் 1.2. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஊசி போன்ற வெப்பக் கம்பியைப் பாறையோடு ஒட்டி வைத்துச் சூடேற்றி, வெப்பநிலை ஏறும் வேகத்திலிருந்து கடத்துத்திறனைக் கணக்கிடுவது ஒரு வழக்கமான முறை. கம்பி எந்தத் திசையில் கிடக்கிறதோ, சூடு அதற்குச் செங்குத்தாக எல்லாப் பக்கமும் பரவும். ஆகவே கம்பியை அடுக்குக்குக் குறுக்கே வைத்தால்தான் 2.2 கிடைக்கும். அடுக்கின் வழியே வைத்தால் கிடைப்பது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண், அதாவது சுமார் 1.6. அந்த 1.2 இந்த முறையில் நேராகக் கிடைக்கவே கிடைக்காது, கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய அட்டவணைகளில் 'இணை' என்று மட்டும் எழுதி விட்டிருப்பார்கள். இணையாக இருந்தது கம்பியா, சூட்டின் போக்கா? அது தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது இதற்கெல்லாம் முந்திய ஒரு கட்டத்தைப் பற்றி. மாதிரிப் பெட்டியைத் திறந்ததும் யாருடைய கையும் முழுசான துண்டைத்தான் தேடும். முழுசாக நிற்கும் துண்டில் பெரும்பாலும் மணலோ சுண்ணாம்போ கூடுதலாக இருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தின் கடத்துத்திறன் 7 வாட்டுக்கும் மேல், களிக் கனிமங்களுக்கு இரண்டை ஒட்டித்தான். உதிர்ந்ததை ஒதுக்கிவிட்டு உறுதியானதை மட்டும் அளந்தால், மொத்த அடுக்கின் எண்ணும் உண்மையைவிட உயர்ந்துவிடும். பூமியின் வெப்பத்தை ஆராய்ந்த டேவிட் பிளாக்வெல்லும் ஜான் ஸ்டீலும் 1989-இல், ஷேல் எனப்படும் ஏடு ஏடான களிப்பாறைகளின் உண்மையான கடத்துத்திறன் 1.05 முதல் 1.45 வரைதான் என்று காட்டினார்கள். அதுவரை பலர் எடுத்துக்கொண்டிருந்ததைவிட இது நன்றாகவே குறைவு. பூமிக்குள்ளிருந்து மேலே வரும் வெப்பத்தின் அளவு, ஆழத்தோடு வெப்பநிலை ஏறும் வீதத்தைக் கடத்துத்திறனால் பெருக்கி வருவது. ஷேலின் எண் பிசகினால் ஒரு பகுதியின் வெப்பக் கணக்கு முழுவதுமே பிசகும். கழிவுக் கிடங்கிலோ இது இன்னும் ஆபத்தான பக்கம் சாயும்: பாறை சூட்டைக் கடத்திவிடும் என்று நம்பியிருப்போம், அது கடத்தாது.

உடைந்ததை எப்படி அளப்பது? பெட்டியில் இருக்கும்போதே, வெட்டுவதற்கு முன், நகரும் வெப்ப மூலத்தை மாதிரியின் மேல் ஓட்டி, பின்னாலேயே அகச்சிவப்பு உணரியால் படிக்கும் முறை இருக்கிறது. பாறையைத் தொடவே வேண்டாம், நீளம் முழுவதற்கும் எண் கிடைக்கும். என்னைக் கேட்டால் களிப்பாறைக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான். தூளாகிப் போனதைத் தண்ணீரோடு கலந்து அளப்பதும் உண்டு. ஆனால் அதில் அடுக்கின் திசை தொலைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு பாறையிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். மோன் தெரியில் நிஜக் கிடங்கின் அளவிலேயே ஒரு சுரங்கம் வெட்டி, மூன்று வெப்பக் கலன்களை வைத்து 2015 முதல் சூடேற்றி வருகிறார்கள். சுற்றிலும் பாறைக்குள் உணரிகள். சூடு வட்டமாகப் பரவாமல், சாய்ந்த அடுக்கின் வழியே நீண்டு நீள்வட்டமாகப் பரவும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட எண்ணோடு மேசை மேல் அளந்த எண்ணை ஒப்பிடலாம். இரண்டும் விலகினால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது எந்தத் துண்டுகளை அளக்காமல் விட்டோம் என்ற பட்டியலை. அளக்க முடியாமல் போன துண்டுகளின் ஆழத்தையும் அறிக்கையில் எழுதச் சொல்லி, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.