மாதிரிக் கிளைடரில் வேரியோமீற்றர்: தம்பலகாமத்து வயல்வெளியில் செய்து பார்த்தவை

இயந்திரமில்லாத மாதிரிக் கிளைடர் ஒன்றில் எம்எஸ்5611 அமுக்க உணரியைப் பொருத்தி, அதை வேரியோமீற்றராக, அதாவது ஏற்ற இறக்க வேகமானியாக, ஆக்கி, அது காட்டும் வேகத்தைக் கையிலுள்ள ரிமோட்டில் ஒலியாகக் கேட்டு, மேலெழும் காற்றைத் தேடும் முயற்சி இந்தக் கச்சான் காற்றுப் பருவத்தில் ஓரளவு கைகூடியிருக்கிறது. திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளம் தொலைவில் இல்லாததால், அனுமதியையும் உயர எல்லையையும் கேட்டறிந்த பின்னரே, அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயல்வெளியைத் தெரிவு செய்தேன்.

கடல்மட்டத்தை அண்டிய காற்றில் ஒரு மீற்றர் ஏறினால் அமுக்கம் ஏறத்தாழ 12 பஸ்கால் குறையும். 10 சென்ரிமீற்றர் வேறுபாட்டையே பிரித்தறியும் இந்த உணரிக்கு அது தாராளம். ஆனால் உள்ளிருக்கும் சில்லு வெளிச்சத்தைத் தாங்காது. மூடியிலுள்ள சிறு துளையில் நேர்வெயில் விழுந்தால், மேசையில் அசையாமல் கிடக்கும் கிளைடரே ஏறி இறங்குவதாக ஒலிக்கும். கறுப்பு ஸ்பொஞ்சுத் துண்டொன்றால் மூடியதும் அந்தத் தொல்லை நின்றது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் செல்லும் கிளைடரின் மூக்கை உயர்த்தி வேகத்தை 10 மீற்றராகக் குறைத்தால், காற்று சிறிதும் எழாதபோதும், இயக்கச் சக்தி உயரமாக மாறி ஏறத்தாழ 6 மீற்றர் வரை கிடைக்கும்; வேரியோமீற்றரும் அதைத் தேர்மல் (வெயிலில் சூடாகி மேலெழும் காற்று) போலவே அறிவிக்கும். ஆள் ஏறும் கிளைடர்களில் இதற்கென உறிஞ்சும் குழாயொன்று உண்டு. நான் வேகம் அளக்கும் பிற்றோக் குழாயைச் சேர்த்து, உயரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டு, மொத்தச் சக்தியின் மாற்றத்தையே ஒலிக்கச் செய்தேன். அதன்பிறகு, ஒலி எழுந்தால் காற்றே எழுகிறது என்று நம்பித் திரும்ப முடிகிறது. இந்தப் பொழுதுபோக்கில் ஒரேயொரு மேம்பாட்டுக்குத்தான் நேரமுண்டு என்றால், இதையே செய்யுங்கள் என்பேன்.

எஞ்சியிருப்பது தாமதம். அளவீடுகளிலுள்ள தாறுமாறான சிறு தடுமாற்றங்களைக் குறைக்க அவற்றைச் சராசரியாக்கும்போது ஒலி 2 செக்கன் பிந்துகிறது. 12 செக்கனில் ஒரு வட்டமடிக்கும் கிளைடர் அதற்குள் 60 பாகை கடந்துவிடும். ஆகவே ஒலி உச்சமடையும் இடத்துக்கல்ல, அதற்கு 60 பாகை முந்திய பக்கத்துக்கே வட்டத்தை நகர்த்துகிறேன். செம்பருந்துகள் வட்டமிடும் நாள்களில் இக்கணக்கைக் கண்ணாலும் சரிபார்க்கலாம். பிற்பகலில் குடாப் பக்கமிருந்து கடற்காற்று நுழைந்ததும் தேர்மல்கள் மெலிந்துவிடுவதால், முற்பகலின் பிற்பகுதியே இங்கு உகந்தது.

அடுத்து ஆர்முடுகல்மானியின் அளவீட்டையும் கல்மன் வடிகட்டி (பல உணரிகளின் அளவீடுகளைச் சேர்த்து மதிப்பிடும் கணக்கீட்டு முறை) மூலம் இணைத்து, அந்த 2 செக்கனைக் குறைக்க முயல்கிறேன்.