கறாரான ஆன்டிபாடி யானைக்கு உதவாது

வனவிலங்கு ஹார்மோன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை அளக்க மனிதர்களுக்கான கிட் கடையில் கிடைக்கிறதே, அதிலேயே யானை சாம்பிளைப் போட்டால் என்ன? போடலாம். நிறத்தை அளக்கும் ரீடர் கருவி ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். அந்த எண் எதைச் சொல்கிறது என்பதுதான் சிக்கல்.

எலிக்கும் மனிதனுக்கும் திமிங்கலத்துக்கும் புரோஜெஸ்டிரோன் மூலக்கூறு ஒன்றேதான், அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். ஆனால் யானையின் கார்பஸ் லூட்டியம் (சூலகத்தில் முட்டை வெளியான இடத்தில் உருவாகும் சுரப்பி) முக்கியமாகச் சுரப்பது புரோஜெஸ்டிரோனை அல்ல, அதிலிருந்து சற்றே உருமாறி வரும் 5-ஆல்ஃபா வகைகளை. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சொற்பமாகவே இருப்பதைப் பார்த்து ஆரம்பகால ஆய்வாளர்கள் குழம்பிப்போனார்கள். குதிரையிலும் இது உண்டு. சினையின் பிற்பகுதியில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறக்குறைய இருக்காது, ஆனாலும் பல கிட்கள் நல்ல அளவு காட்டும், ஏனென்றால் கிட்டில் ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி, அதேபோன்ற அமைப்புள்ள உறவுக்காரர்களையும் சேர்த்தே பிடித்துவிடுகிறது.

லத்தியில் பார்க்கும்போது இன்னும் சிக்கல். கல்லீரல் மாற்றி, குடல் பாக்டீரியா உடைத்து, வெளியே வருவது வேறு சரக்கு. பூனைக் குடும்பத்தின் மலத்தில் மூல புரோஜெஸ்டிரோன் வருவதே அரிது. மனித மருத்துவத்தில் ஒன்றை மட்டும் பிடிக்கும் கறாரான ஆன்டிபாடிக்குத்தான் மதிப்பு, நமக்கோ கொஞ்சம் தாராளமானது வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து உலகமெங்கும் போன சிஎல்425 என்ற ஆன்டிபாடி அப்படிப்பட்டது, பலவகை பிரெக்னேன்களை, அதாவது புரோஜெஸ்டிரோனையும் அதன் உறவுக்காரர்களையும் பிடிக்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய வரம் அதுதான்.

முட்டை வெளியாகத் தூண்டும் எல்ஹெச் போன்ற புரத ஹார்மோன்களில் நிலைமை வேறு, அமினோ அமில வரிசையே இனத்துக்கு இனம் மாறும். மாட்டின் எல்ஹெச்சுக்கு எதிராக உருவாக்கிய 518பி7 என்ற ஆன்டிபாடி யானை, நாய், பூனை என்று பலவற்றிலும் வேலை செய்கிறது. யானையில் எல்ஹெச் சுமார் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எகிறுவதும், இரண்டாவதில்தான் முட்டை வெளியாவதும் இப்படி அளந்து அளந்துதான் தெரியவந்தது. முதல் எகிறலைப் பிடித்துவிட்டால் கருவூட்டலுக்கான நாளை முன்கூட்டியே குறித்துவிடலாம். செயற்கைக் கருவூட்டலில் உலகின் முதல் யானைக்கன்று 1999இல் மிசௌரியின் டிக்கர்சன் பார்க் விலங்குக்காட்சி சாலையில் பிறந்தது.

சரி, உங்கள் கிட் உங்கள் விலங்குக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரியும்? பல விலங்குகளின் சாம்பிள்களிலிருந்து எடுத்த சாற்றைக் கலந்து, பாதி பாதியாக நீர்க்க வைத்து, 96 குழித் தட்டில் ஸ்டாண்டர்டுக்கு (அளவு தெரிந்த ஹார்மோன் கரைசல்) பக்கத்திலேயே ஓட்டுங்கள். போட்டி முறை எலைசாவில், அதாவது சாம்பிளின் ஹார்மோனும் நிறம் தரும் ஹார்மோனும் ஆன்டிபாடிக்குப் போட்டியிடும் சோதனையில், ஹார்மோன் கூடக்கூட நிறம் வெளுக்கும், அமிலம் ஊற்றியதும் நீலம் மஞ்சளாகி வரிசையாகத் தெரியும். சாம்பிளின் கோடு ஸ்டாண்டர்ட் கோட்டுக்கு இணையாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த கிட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், எவ்வளவு செலவழித்து வாங்கியிருந்தாலும். இறங்கினால் மட்டும் போதுமா? போதாது. சினை என்று உறுதியாகத் தெரிந்த விலங்கில் அளவு ஏறுகிறதா, மதத்தில் இருக்கும் ஆண் யானையில் டெஸ்டோஸ்டிரோன் எகிறுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து ஓர் ஆய்வகத்தின் நானோகிராம் கணக்கை இன்னோர் ஆய்வகத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆன்டிபாடி மாறினால் எண்ணே மாறிவிடும். ஒரே விலங்கின் ஏற்ற இறக்கத்தை வாரக்கணக்கில் பாருங்கள், கட்டுரையில் எந்த ஆன்டிபாடி, அது எவற்றையெல்லாம் எவ்வளவு சதவீதம் பிடிக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.